பழைய டிரைவர் காணாமல் போன வழக்கு

மக்களை விழிப்போடு வைத்திருப்பதற்காக ஏற்பட்டது விழிப்புணர்வு வாரியம். சாலையை எப்படிக் கடப்பது, கையை எப்படிக் கழுவுவது, வரிசையில் எப்படி நிற்பது என்றெல்லாம் சின்னச் சின்னப் படங்கள் எடுத்து ஊருக்குக் காட்டுவது அதன் தொழில். படங்கள் நன்றாகவே இருக்கும். வரிசையில் நிற்பது பற்றிய படத்தைப் பொதுமக்கள் முண்டியடித்துக்கொண்டு வந்து பார்த்தார்கள் என்று வாரியத்தின் ஆண்டறிக்கையே பெருமையாகச் சொல்கிறது.

அந்தப் படங்களை வெட்டி ஒட்டிக் கோக்கும் வேலை கத்திரியுடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சம்பளப் பிரிவில் மட்டும் உபயோகித்தார்கள், அதுவும் ‘தற்காலிகம்’ என்ற தலைப்புக்குக் கீழே. மற்றபடி இயக்குநர் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவர் கத்திரிதான். தற்காலிகமாகச் சேர்ந்த நாளில் அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது. வருஷா வருஷம் வாரியம் அவரைப் புதுப்பித்துக்கொண்டு வந்தது. முடியை யாரும் புதுப்பிக்கவில்லை.

இந்த வருஷம் அவரையும் புதுப்பிக்கப் போவதில்லை என்று நடைவழியில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தபோது இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஆண்டு விழாவுக்கு ஒரு படம் வேணும். ‘தாமதம் தவிர்’னு தலைப்பு. அது மட்டும் அமர்க்களமா வந்துடுச்சுன்னு வைங்க, உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி நானே எழுதறேன். வரலைன்னா...” என்று நிறுத்தி, மேஜை மேலிருந்த கண்ணாடி உருண்டையை ஒரு சுற்றுச் சுற்றினார். வராவிட்டால் என்ன என்பதை உருண்டை உட்பட எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

படம் பெரியது, கம்ப்யூட்டர் கிழம். ஒரு காட்சியை நகர்த்தினால் அது யோசித்து, பெருமூச்சு விட்டு, மனசு வந்தால் நகர்த்தும். அதனால் புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்க அனுமதி கிடைத்தது. படங்களைத் திரையில் வரைந்து தள்ளுகிற அந்தக் கார்டு வந்து இறங்கிய அன்று, பெட்டியைப் பிரிப்பதற்கே ஒரு கூட்டம் போட்டார்கள். இயக்குநர் நாடாவை வெட்டினார்.

“நண்பர்களே! இனிமே இந்த வாரியத்துல எதுவும் மெதுவா தேங்கி நிக்காது. எது தேங்கினாலும் வேகமா தேங்கும்!”

பலத்த கைதட்டல். அப்படியே நடந்தது.

பழைய கார்டைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார் கத்திரி. எடிட்டிங் மென்பொருளைத் திறந்தார். முதல் காட்சி வெண்ணெயாக ஓடியது. ‘தாமதம் தவிர்’ என்று தலைப்பை வைக்கப் போனார். திரை அப்படியே உறைந்தது. பிறகு சின்னதாக ஒரு ஜன்னல் எட்டிப் பார்த்தது: ‘எதிர்பாராத பிழை ஏற்பட்டுவிட்டது. மன்னிக்கவும்.’ வாரியத்தின் சரித்திரத்தில் யாரும் யாரிடமும் கேட்காத மன்னிப்பை அந்த ஜன்னல் கேட்டுவிட்டு மறைந்தது. மென்பொருளும் கூடவே மறைந்தது.

கத்திரி அணைத்துப் போட்டார். கார்டைப் பிடுங்கி மறுபடி மாட்டினார். உள்ளே தூசி ஊதினார். மென்பொருளை அழித்துத் திரும்ப ஏற்றினார். தலைப்பை விட்டுவிட்டு நடுவிலிருந்து ஆரம்பித்துப் பார்த்தார். எங்கே தொட்டாலும் அதே மன்னிப்பு. கடைசியில், கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மச்சினனுக்குப் போன் போட்டார்.

“பழைய கார்டு ஒரு கம்பெனி, புதுசு வேற கம்பெனியா மாமா?”

“ஆமா.”

“பழசோட டிரைவரைத் தூக்கினீங்களா?”

டிரைவர் என்றால் சக்கரமோ காக்கிச் சட்டையோ இல்லாதது. கார்டை ஓட்டுவதற்காகக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி வைக்கிற ஒரு குட்டி மென்பொருள்.

“தூக்கலையே.”

“அதான். கார்டு போயிடுச்சு, டிரைவர் காலி பண்ண மாட்டேன்னு குத்தவச்சு உக்காந்திருக்கு. புதுசும் பழசும் உள்ள முட்டிக்குது, நடுவுல உங்க எடிட்டிங் சாகுது. பழசை அழிச்சுட்டு ஒருதடவை அணைச்சுப் போடுங்க. டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுடும்.”

“சரி, கேட்டுட்டு அழிச்சிடறேன்.”

“யார்கிட்ட? டிரைவர்கிட்டயா?”

மச்சினன் சொந்தக் கடைக்காரன். கேட்டுவிட்டுச் செய்வது என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது.

கத்திரி கணினிப் பிரிவுத் தலைவரிடம் போனார். அவர் விஷயத்தைப் பாதி கேட்கும்போதே கையை உயர்த்தினார்.

“பழைய டிரைவர். வேற ஒண்ணுமே இல்லை. என் பையன் கேம் விளையாட கார்டு மாத்தினப்ப இதே தலைவலிதான். நானே அழிச்சேன். அன்னிலேர்ந்து பறக்குது.”

“அப்ப இங்கயும் கொஞ்சம் வந்து...”

“அது வீடு. இது வாரியம்.” இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் காட்டுவதுபோல் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “ஸ்டோர்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க.”

ஸ்டோரில் இருந்த அம்மாளிடம் வாரியத்தின் எல்லாப் பூட்டுகளுக்கும் சாவி இருந்தது. சில பூட்டுகள் காணாமல் போய் வருஷங்கள் ஆகியும் சாவியை அவர் விடவில்லை. கத்திரி பெட்டியோடு நீட்டிய பழைய கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கார்டு வந்துடுச்சு. டிரைவர் எங்க?”

“எது மேடம்?”

“வாங்கினப்ப கார்டு ஒண்ணு, டிரைவர் ஒண்ணுன்னு உங்களுக்குக் கொடுத்திருக்கேன். கார்டை மட்டும் திருப்பினா எப்படி? ஜோடிச் செருப்புல ஒண்ணைத் திருப்பிக் கொடுத்தா கடைக்காரன் வாங்குவானா?”

“மேடம், அது பொருள் இல்லை. ஒரு சின்ன சி.டி. தட்டுல வந்துச்சு. தட்டு பெட்டிக்குள்ளயே இருக்கு பாருங்க.”

அம்மாள் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது வெறும் பாத்திரம். உள்ள இருந்ததைத்தான் நீங்க கம்ப்யூட்டர்ல கொட்டிட்டீங்களே.”

“அதை அழிக்கத்தான் மேடம் அனுமதி கேட்டு...”

பக்கத்து மேஜைகளில் இருந்த மூன்று பேரும் தலையை நிமிர்த்தினார்கள்.

“அழிக்கவா? வாரியச் சொத்தையா?” அம்மாள் குரலைத் தாழ்த்தினார். “தம்பி, நல்ல பிள்ளையா இருக்கீங்க, சொல்றேன். அழிச்சீங்கன்னா விசாரணை வரும். தற்காலிகம் வேற. இந்தப் பேச்சை என்கிட்ட பேசினதோட விட்டுடுங்க. எதைக் கழிக்கறதா இருந்தாலும் கழிவுக் குழுன்னு ஒண்ணு இருக்கு.”

கழிவுக் குழு கூடியது. குழுத் தலைவர் கனத்த மனிதர். எதையும் சுலபத்தில் விட்டுக்கொடுக்காத முகம்; அந்த முகத்துக்காகவே அவரைத் தலைவராகப் போட்டார்கள் என்பார்கள். கத்திரியை நிற்க வைத்துக் கேள்விகளை ஆரம்பித்தார்.

“பொருள் இப்ப எந்த நிலைமைல இருக்கு? உடைஞ்சிருக்கா, துரு ஏறியிருக்கா?”

“நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா தேவையில்லை.”

“தேவையில்லைன்னு கழிக்க ஆரம்பிச்சா வாரியத்துல யார் மிஞ்சுவாங்க?” என்றார் தலைவர். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. “சரி, ஏலம் விட்டா என்ன போகும்?”

“இலவசமாவே கிடைக்கும் சார். கம்பெனி தளத்துல யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்.”

“நமக்கு இலவசமா வரலையே? அப்ப அது வேற, இது வேற.” தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். “தம்பி, ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. இந்தக் குழு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு பொருளைக்கூட தப்பாக் கழிச்சதா பேச்சே கிடையாது. ஏன்? இதுவரைக்கும் ஒரு பொருளையும் கழிச்சதே கிடையாது. அந்தப் பேரை உங்க டிரைவருக்காகக் கெடுத்துக்க முடியாது. நேர்ல வந்து கண்ணால பார்த்துத்தான் முடிவு.”

“எப்ப சார் வருவீங்க?”

“ஆண்டு விழா வேலைல எல்லாரும் தலைகீழா நிக்கறாங்க. அது முடியட்டும்.”

“ஆண்டு விழாவுக்கான படத்துக்குத்தான் சார் அதை அழிக்கணும்!”

“பார்த்தீங்களா, நீங்களே பிசியா இருக்கீங்க.”

அன்று மாலையே கம்ப்யூட்டரில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள்: ‘பரிசீலனையில் உள்ள சொத்து உள்ளே இருக்கிறது. தொடக் கூடாது.’ ஒட்டுவதற்கு வாகாக இருந்த ஒரே இடம் சுவிட்சின் மேல்தான்.

“இதை எப்படிங்க ஆன் பண்றது?” என்று கத்திரி கேட்டார்.

“ஓரமா அமுக்குங்க” என்றார் ஒட்டியவர்.

கத்திரி ஓரமாக அமுக்கினார். தலைப்பை வைத்தார். மன்னிப்பு வந்தது. இயக்குநரிடம் ஓடினார். இயக்குநர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. விதியை மீறுங்கன்னு நான் வாயால சொல்ல முடியாது. விதிக்குள்ள நின்னுக்கிட்டே மீறுங்க. ஆனா படம் வந்தாகணும்.”

மறுநாள் மத்தியானம், அறை முழுக்கச் சாப்பாட்டு டப்பாக்களின் மணம் பரவி எல்லோரும் கை கழுவப் போயிருந்த நேரத்தில், கத்திரி நாலா பக்கமும் பார்த்தார். மற்றவர்களுக்குப் பெட்டகத்தை உடைக்கும்போது கூட அவ்வளவு வியர்க்காது. பழைய டிரைவரைத் தேர்ந்தெடுத்தார். ‘நிச்சயமாக அழிக்கலாமா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டது. இத்தனை நாளில் அவரையே முடிவெடுக்கச் சொன்ன முதல் ஆள் அதுதான். அமுக்கிவிட்டார். அணைத்துப் போட்டார். டீ வாங்கி வந்தார். டீ ஆறவில்லை, தலைப்பு வந்து உட்கார்ந்தது, காட்சிகள் சறுக்கிக்கொண்டு ஓடின, மன்னிப்பு கேட்க யாரும் வரவில்லை.

படம் முடிந்தது. ஆண்டு விழாவில், சிறப்பு விருந்தினர் வருவதற்காக நெடுநேரம் காத்திருந்துவிட்டு, ‘தாமதம் தவிர்’ திரையிடப்பட்டது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. இயக்குநர் மேடையிலேயே கத்திரியின் முதுகில் தட்டினார். கத்திரியின் மனைவி மூன்றாவது வரிசையிலிருந்து, பாக்கி வசூலாகிவிட்ட முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் கத்திரி இயக்குநர் அறைக்குள் தலையை நீட்டினார்.

“சார்... அந்த நிரந்தரம் விஷயமா...”

“எழுதத்தான் உக்காந்தேன்” என்றார் இயக்குநர். “எழுத எழுத ஒரு யோசனை வந்துச்சு. படம் பிரமாதமா வந்துடுச்சு. இனிமே இதைத்தானே வருஷக்கணக்கா காட்டப் போறோம்? அப்புறம் தொகுக்கறதுக்கு என்ன இருக்கு? நீங்க கொஞ்சம் சுமாராப் பண்ணியிருந்தீங்கன்னா, திருத்தறதுக்குன்னு சொல்லியாவது உங்களை வச்சிருக்கலாம்.” உண்மையாகவே வருத்தப்பட்டார். “மாசக் கடைசியோட முடிச்சுக்கலாம். நல்ல சான்றிதழா ஒண்ணு தரச் சொல்றேன்.”

கத்திரி தன் இடத்துக்கு வந்தபோது அங்கே கழிவுக் குழு காத்திருந்தது. தலைவர், ஸ்டோர் அம்மாள், குறிப்பெடுக்க ஒரு தட்டச்சுப் பெண். அவளும் தற்காலிகம்தான்.

“காட்டுங்க” என்றார் தலைவர்.

கத்திரி சுவிட்சை ஓரமாக அமுக்கினார். பட்டியலைத் திறந்தார். புதிய டிரைவர் இருந்தது. பழையது இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

“இங்கதான் சார் இருந்துச்சு.”

“இருந்துச்சா? இருக்கணுமே.”

“ஒரு நிமிஷம் சார், காண்டீன்ல டீ சொல்லட்டுமா?”

குழு இதற்கு ஏகமனதாகச் சம்மதித்தது. அவர்கள் காண்டீனிலிருந்து திரும்புவதற்குள் கத்திரி மச்சினனுக்குப் போன் போட்டார். மச்சினன் சொன்ன இடத்திலிருந்து அதே பழைய டிரைவரை, அதே பதிப்பு எண்ணுள்ளதை, இலவசமாக இறக்கி ஏற்றிவிட்டார். குழு வந்தது. பட்டியலில் பழைய டிரைவர் ஒன்றும் நடக்காதது போல் உட்கார்ந்திருந்தது.

“இதான் சார்.”

“வேலை செய்யுதா?”

கத்திரி எடிட்டிங்கைத் திறந்து தலைப்பைத் தொட்டார். திரை உறைந்தது. மன்னிக்கவும் என்றது. மறைந்தது.

“நல்லா கெட்டியா வேலை செய்யுதே!” என்றார் தலைவர். “புதுசையே நிறுத்திடுது. இதைப் போயா கழிக்கச் சொன்னீங்க?”

எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். ஸ்டோர் அம்மாள்தான் குனிந்து திரையைப் பார்த்தார்.

“சார், இது ஏத்தின தேதி இன்னிக்குன்னு போட்டிருக்கு.”

தலைவரும் குனிந்து பார்த்தார்.

“மேடம், அதே டிரைவர்தான். எண்ணைப் பாருங்க, ஒரு புள்ளி மாறலை.”

“இத்தனை வருஷம் உழைச்ச பொருளும் இன்னிக்குக் காலைல வந்த பொருளும் எப்படித் தம்பி ஒண்ணாகும்? எங்க பழசு?”

கத்திரிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஒப்புக்கொண்டார். அழித்ததையும் சொன்னார், திரும்ப ஏற்றியதையும் சொன்னார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“ஆக, ஒண்ணு குறையுது. ஒண்ணு கூடுது. வாரியச் சொத்தை அழிச்சது ஒரு குற்றம். வெளிப் பொருளை உள்ள கொண்டுவந்தது இன்னொரு குற்றம்.”

“சார், குறையறதுல கூடறதைக் கழிச்சா சரியாப் போச்சே?”

“கழிக்கிறது குழுவோட வேலை!” என்று தலைவர் மேஜையைத் தட்டினார். “அந்தப் பழக்கம்தான் உங்களை இங்க கொண்டுவந்து விட்டிருக்கு. எழுதும்மா.”

தட்டச்சுப் பெண் எழுதினாள். சாயங்காலத்துக்குள் விசாரணை உத்தரவு கத்திரியின் கைக்கு வந்துவிட்டது. வாரியத்தில் வந்த நாளே முடிந்த ஒரே வேலை அது.

வேலை போயிற்று, பேரும் போயிற்று என்று உத்தரவைச் சட்டைப் பையில் மடித்துக்கொண்டு நேராக மச்சினன் கடைக்குப் போனார். கல்லாவில், தம்பிக்கு உதவியாக, கத்திரியின் மனைவி உட்கார்ந்து, கீபோர்டு வாங்க வந்த ஒருவரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். கணவன் முகத்தைப் பார்த்ததும், “சரி, நீங்க சொன்ன விலைக்கே எடுத்துட்டுப் போங்க” என்று வாடிக்கையாளரை அனுப்பிவிட்டார். அந்தக் கடையில் அப்படி நடந்ததே கிடையாது.

“என்னாச்சு?”

“மாசக் கடைசியோட போகச் சொல்லிட்டாங்க. இது அதுக்கு மேல.” உத்தரவை நீட்டினார்.

“நான்தானே மாமா அழிக்கச் சொன்னேன்” என்று மச்சினன் ஸ்குரூடிரைவரும் கையுமாக எழுந்து வந்தான். “வந்து நானே சொல்லட்டுமா?”

“நீ சும்மா இருடா. வெளியாள் யோசனை கேட்டதுக்கு மூணாவது குற்றம் போடுவாங்க.”

மனைவி உத்தரவை ஒருதடவை படித்தார். பிறகு, ரசீதில் கடைக்காரன் எங்கே ஏமாற்றியிருக்கிறான் என்று தேடுகிறவர் மாதிரி, கீழிருந்து மேலாகப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

“இருங்க. ‘விசாரணை முடிவடையும் வரை மேற்படி நபர் எக்காரணம் கொண்டும் பணியிலிருந்து விடுவிக்கப்படலாகாது.’ அப்படின்னா?”

“அப்படின்னா... நான் ஓடிடக் கூடாதாம்.”

“ஓடாம?”

“தினம் வரணும்.”

“சம்பளம்?”

கத்திரி யோசித்தார். “வேலைக்கு வந்தா சம்பளம் கொடுத்துத்தானே ஆகணும்.”

மனைவி உத்தரவை மடித்து, கல்லாவில் பெரிய நோட்டுகள் வைக்கும் அறையில் வைத்துப் பூட்டினார். “ஏங்க, இந்த விசாரணை எப்ப முடியும்?”

அதற்கு விடை மறுநாள் கணினிப் பிரிவில் கிடைத்தது. கத்திரி உள்ளே நுழைந்ததும் பிரிவுத் தலைவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை வருஷத்தில் அவர் எழுந்ததை யாரும் பார்த்ததில்லை.

“வாங்க, வாங்க. இனி நீங்களும் நம்மாளு. நான் ஏணி.”

“என்ன சார்?”

“தற்காலிகமா இருந்தப்ப ஒரு ஏணி காணாம போச்சு என் கணக்குல. இன்னும் விசாரணை நடக்குது. ஸ்டோர் அம்மா, எடை மிஷின். நம்ம கழிவுக் குழுத் தலைவர்...” குரலைத் தாழ்த்தினார், பயத்தினால் அல்ல, மரியாதையினால். “ஒரு ஜீப்பு.”

“அப்ப இங்க நிரந்தரம்னு...”

“அப்படி யாருமே கிடையாது. எல்லாரும் விசாரணைல இருக்கோம்.”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்? எவ்வளவு பயந்தேன்!”

“சொன்னா அது தெரிஞ்சே செஞ்ச குற்றமாயிடும். அதை ஒரே மாசத்துல முடிச்சுடுவாங்க. தெரியாம செஞ்சாத்தான் இழுக்கும்.”

கத்திரி தன் இடத்துக்கு வந்தார். கம்ப்யூட்டரை அரக்கு வைத்து மூடியிருந்தார்கள். பழைய டிரைவர் சாட்சியாக உள்ளே இருந்தது. அதை இனி தொட வேண்டியதில்லை என்பதால் வேலையும் இல்லை. மாறாக, முன்பு இல்லாத ஒன்று வந்திருந்தது: கைவைத்த, குஷன் போட்ட நாற்காலி. விசாரணைக்குரியவர் வசதிக் குறைவு என்று பின்னால் புகார் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அனுப்பியிருந்தார்கள். உட்கார்ந்து பார்த்தார். முதுகு தானாகவே பின்னால் சாய்ந்தது.

சற்று நேரத்தில் தட்டச்சுப் பெண் வந்தாள். கதவுக்கு வெளியே யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு கிட்டே வந்து நின்றாள்.

“அண்ணே, எனக்கும் இந்த மாசத்தோட முடியுது.”

“ம்.”

“வீட்டுல ரொம்பக் கஷ்டம்ணே. உங்களுக்குத் தெரியாததா? நான் எதைத் தொலைச்சா நல்லதுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும். ஸ்டேப்ளர் போதுமா?”

கத்திரி அவளை நிமிர்ந்து பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. நாற்காலியின் கைகளில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, விரல்களைக் கோத்துக்கொண்டார்.

“இதெல்லாம் வாயால சொல்ற விஷயமாம்மா? எதுக்கும் ஒரு முறை இருக்குல்ல? எழுதிக் கொண்டுவந்து கொடு. பார்க்கலாம்.”